உறவுமுறைப் பெயர்களும் மானிடவியலின் இளம்பருவமும்

மானிடவியலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், எட்வர்ட் பர்னெட் டைலர் 1871இல் வெளியிட்ட 'ஆதிப் பண்பாடு' என்னும் நூலையே பெரும்பாலும் முதற்கண் நிறுத்துவர். மனிதன் பிறவியோடு கொண்டுவராமல் சமூகத்தில் வாழ்வதாலேயே பெற்றுக்கொள்ளும் அறிவு, ஆசாரம், நம்பிக்கை ஆகிய எல்லாவற்றையும் பண்பாடு என்னும் ஒரே வரம்புக்குள் கொணர்ந்தவர் அவர். அப்பெருமையை மறுப்பாரில்லை. ஆயினும், அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பிரசுரித்த லூயிஸ் ஹென்றி மார்கனின் உறவுமுறை ஆராய்ச்சியே இச்சாஸ்திரத்துக்குத் தனிப்பட்ட பிரச்சினை ஒன்றை வகுத்துக் கொடுத்தது என்பது என் துணிபு. அந்தப் பெருநூலின் நடுவே நம் வீட்டுப் பேச்சு வழக்கே சான்றாக அமர்ந்திருப்பதைத் தமிழர் பலர் அறியார்.

மார்கன், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய வக்கீல். ஆல்பனி நகரத்துப் புத்தகக்கடை ஒன்றில் 1844இல் தற்செயலாகச் சந்தித்த ஈலி பார்க்கர் என்னும் செனெகா இளைஞரின் நட்பு, செனெகாவினரும் அடங்கிய இரோக்வாய் மக்களின் வாழ்க்கையை அவருக்குத் திறந்து காட்டிற்று. அம்மக்களிடையே தந்தையின் சகோதரனும் தந்தையே, தாயின் சகோதரியும் தாயே. தாயின் சகோதரனோ தந்தையாகான், மாமனாவான். இது இவர்களுக்கே உரிய விநோதம் என்று எண்ணியிருந்த மார்கன், 1858இல் சுபீரியர் ஏரிக்கரையிலே, முற்றிலும் வேறு மொழி பேசும் ஒஜிப்வா மக்களிடமும் அதே ஒழுங்கு நிலவக் கண்டார். மொழி வேறுபட்டும் முறை ஒன்றாயிருப்பானேன் என்னும் கேள்வி அவரை விடவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட வினாக்கள் கொண்ட அட்டவணையை அச்சிட்டு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணையோடு உலகெங்கிலுமுள்ள பாதிரிமார்களுக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் அனுப்பினார்.

இதனிடையே 1859இல், ஆற்காடு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் ஒருவரிடமிருந்து தமிழரின் உறவுமுறை அவருக்குக் கிடைத்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாவின் வரிசை. பெரியம்மாவும் சின்னம்மாவும் அம்மாவின் வரிசை. அவர்கள் பெற்ற மக்கள் நமக்கு அண்ணன், தங்கை. அத்தை மக்களும் மாமன் மக்களும் மட்டும் வேறு முறை. செனெகா முறையே ஆற்காட்டிலும் வழங்குகிறது என்று கண்ட மார்கன், அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை என முடிவு கட்டினார். பல உறவினரை ஒரே பெயருக்குள் அடக்கும் இத்தகைய முறைகள், ஆதியில் நிலவிய கூட்டு விவாகத்தின் எச்சங்கள் என்பது அவருடைய மற்றொரு அனுமானம். ஊகத்தின் மேல் ஊகமாக எழுந்த இக்கட்டடத்தைப் பின்னர் ஏங்கல்ஸ் தம் நூலுக்கு அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டது தனிக்கதை.

மக்லென்னன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், இப்பெயர்கள் வெறும் விளிச்சொற்களே, சமூக அமைப்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கினார். அவ்வாறு ஒதுக்கியவருக்குத் தக்க விடை பின்னாளில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸிடமிருந்து வந்தது. 1898இல் டாரஸ் நீரிணைக்குச் சென்று திரும்பிய பின், 1901–02இல் நீலகிரித் தோதவரிடையே தங்கி ஆராய்ந்த இவர் முறையாகப் பயின்ற மருத்துவர். தாய்மாமனே மாமனாராவதும், அத்தையே மாமியாராவதும், முறைப்பெண்ணை மணக்கும் வழக்கத்தால் இயல்பாகவே விளைபவை. ஆகவே பெயருக்குக் காரணம் விவாக ஒழுங்கிலேயே உள்ளது என்று அவர் காட்டினார்.

மார்கனின் அட்டவணையிலேயே ஒரு முரண் இருந்தது. தமிழ் ஆடவனுக்கு மைத்துனனின் மகன் மருமகன், அத்தை மகளின் மகனோ மகன் முறை. செனெகா வழக்கில் இவை நேர்மாறு. இதைக் கண்டும் மார்கன் அற்ப வேறுபாடாகத் தள்ளிவிட்டார். அத்தை மகள் மனைவியாகத் தக்கவள் என்னும் விதி தமிழில் உண்டு, செனெகாவில் இல்லை என்பதை நினைவில் வைத்தால் முரண் தானே விளங்கும். தமிழ்நாட்டுப் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்த லூயி துய்மோன், 1953இல் இத்தகைய பெயர்களை விவாக சம்பந்தத்தின் வெளிப்பாடாகவே விளக்கினார்; தமிழ் முறையும் செனெகா முறையும் ஒன்றல்ல, அமைப்பிலேயே வேறுபட்டவை என்று 1964இல் லவுன்ஸ்பரி என்னும் அறிஞர் நிறுவியபோது, ஆற்காட்டையும் ராச்செஸ்டரையும் இணைத்து மார்கன் கட்டிய பாலம் ஆதாரம் இழந்தது.