நோய்நாடலும் நீதிநாடலும்

முட்டுக்காடு என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன காயலும் படகுக் குழாமும் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும்தாம். அதே ஊரில், அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், நடுவண் அரசு 2005இல் நிறுவிய பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. நிப்மெட் என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்நிறுவனத்திற்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர். பிள்ளைகளுக்கு நேரும் குறைகளுள் சில பிறப்பிலேயே அமைந்தவை. சில எவராலும் தடுத்திருக்க இயலாதவை. சிலவோ, உரிய நாளில் உரியவர் ஒருவர் பார்த்திருந்தால் நேராமலே போயிருக்கக்கூடியவை. இந்த மூன்றாம் வகையைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது, அந்நோக்கு எத்தனை காலத்தில் உருப்பெற்றது என்பதையே இங்கு ஆராய விழைகிறோம்.

நம் மாநிலத்தின் வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குவது பொருந்தும். 1996 ஆகஸ்ட் 30ஆம் நாள், சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றப்பட்ட அக்குழந்தை செப்டம்பர் 23 அன்று வீடு திரும்பியது. குழந்தையின் கண்களில் விழித்திரை நோய் முற்றியிருப்பது சில மாதங்களுக்குப் பின்னரே வேறொரு மருத்துவரால் கண்டறியப்பட்டது. அமெரிக்கா வரை கொண்டுசென்று அறுவை மருத்துவம் செய்தும் பார்வை மீளவில்லை.

குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் இந்நோய் மருத்துவ உலகிற்குப் புதியதன்று. 1942இலேயே பாஸ்டன் நகரில் டெர்ரி என்னும் கண் மருத்துவர் இதனை விவரித்திருந்தார். அளவு மீறிய ஆக்சிஜனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1950களில் தெளிவாயிற்று. உரிய கட்டத்தில் உறைகுளிர் மருத்துவம் செய்தால் பல கண்களைக் காக்கலாம் என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று 1988இல் காட்டியது. ஆனால் அந்தக் கட்டம் சில வாரங்களே நீடிப்பது. பிறந்த சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் ஒருவர் பாவையை விரித்து விழித்திரையை நோக்கவேண்டும், அவ்வளவே. நம் குழந்தைக்கு நேர்ந்ததை நோயைத் தவறாக அறிந்தது என்று சொல்வதும் பொருந்தாது. அறிவதற்கான சோதனையே செய்யப்படவில்லை. செய்யவேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை.

இவ்வேறுபாடுதான் நோயறிதல் பிழை குறித்த சட்டம் முழுமைக்கும் அச்சாணி. ஒரே காய்ச்சல் பத்து நோய்களின் முகத்தைக் காட்டும். கற்றறிந்த மருத்துவர் முறைப்படி ஆய்ந்து, இருக்கும் சான்றுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவு பின்னர்ப் பிழையென்று தெரியவருமானால் சட்டம் அவரைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. பிழைபடுதல் வேறு, பாராதிருத்தல் வேறு. நோயை நாடி, அதன் முதலையும் நாடிய பிறகே தணிக்கும் வழியை நாடச் சொல்கிற குறளின் 'மருந்து' அதிகாரத்தை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. சட்டம் முதன்மையாக வினவுவது, முடிவு சரியா என்பதை அன்று, நாடினாரா என்பதை.

இவ்வினா நீதிமன்றங்களில் உருப்பெற்ற வரலாறு நீண்டது. மருத்துவத்துறையின் பொறுப்புள்ள ஒரு சாரார் ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றிய மருத்துவர் கவனக்குறைவுடையவர் ஆகார் என்னும் விதி, 1957இல் லண்டனில் தீர்ப்பான போலம் வழக்கில் பிறந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1968இல், புனேயில் தொடை எலும்பு முறிந்த இளைஞன் ஒருவன் இறந்த வழக்கில், மருத்துவருக்கு மூன்று கடமைகள் உண்டென வகுத்தது: நோயாளியை ஏற்பதா என்று முடிவுசெய்வதில் கவனம், எம்மருத்துவம் என்று தேர்வதில் கவனம், அதனைச் செலுத்துவதில் கவனம். ஆயினும் உரிமையியல் நீதிமன்றத்தின் செலவும் காலத்தாழ்வும் எளியவர்க்கு எட்டாதவையாகவே இருந்தன.

1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்நிலையை மாற்றியிருக்கவேண்டும். ஆனால் மருத்துவம் என்பது ஒரு 'சேவை'தானா என்ற வழக்கு எழுந்தது. 1994இல் சென்னை உயர் நீதிமன்றம், மருத்துவர் நோயறிதலும் மருந்தாலும் அறுவையாலும் மருத்துவம் செய்தலும் அச்சட்டத்தின் பொருளில் சேவை ஆகா, நோயாளி நுகர்வோரும் ஆகார் என்று தீர்ப்பளித்தது. தமிழகத்து நோயாளிகளுக்கு அவ்வாயில் அடைபட்டதாகவே தோன்றிற்று. அதனைத் திறந்தது 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கத்திற்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் சேவையே என்றது அது. எவரிடமும் எதுவும் பெறாமல் அனைவருக்கும் இலவசமாக மருத்துவம் செய்யும் இடங்கள் சட்டத்திற்குப் புறம்பாயின. சிலரிடம் கட்டணம் பெற்று மற்றவர்க்கு இலவசமாகச் செய்யும் இடங்களிலோ, இலவச நோயாளிக்கும் அவ்வுரிமை உண்டென்றாயிற்று.

அடுத்த சிக்கல் மெய்ப்பித்தல். மருத்துவருக்கு எதிராகச் சான்று சொல்ல மற்றொரு மருத்துவர் எளிதில் முன்வரார். ஆந்திராவில் மலேரியாத் துறை அலுவலர் ஒருவரின் மனைவி 2002இல் விட்டுவிட்டு வந்த காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு வந்திருந்தது மலேரியா; செய்யப்பட்டதோ டைபாய்டுக்கான மருத்துவம். அவர் இறந்தார். மலேரியாவை ஒழிப்பதையே தொழிலாகக் கொண்ட கணவர், மனைவிக்கு வந்தது மலேரியாதான் என்று நிறுவ எட்டாண்டுகள் போராடவேண்டியிருந்தது. மாவட்ட மன்றம் அளித்த 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை, வல்லுநர் சான்று இல்லையென்று மேல் ஆணையங்கள் நீக்கின. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டளித்தது. எல்லா வழக்கிலும் வல்லுநர் கருத்து கட்டாயமில்லை, நிகழ்வே தன்னைப் பேசும் இடங்களும் உண்டு என்பது அதன் சாரம்.

எழும்பூர் வழக்கிற்குத் திரும்புவோம். தேசிய ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் வழங்கிற்று. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று, வாழ்நாள் முழுதும் தேவைப்படும் செலவையும் பணவீக்கத்தையும் கணக்கிட்டு 1 கோடியே 38 லட்சம் ரூபாயும், அதுவரை ஆன மருத்துவச் செலவுக்காக ஏறத்தாழ 43 லட்சம் ரூபாயும் வழங்க ஆணையிட்டது. பெரும்பகுதியைத் தமிழக அரசு ஏற்கவேண்டும் என்றாயிற்று. அப்போது அக்குழந்தைக்கு வயது 18. நீதி வந்தது, குழந்தைப் பருவம் முழுவதும் கழிந்த பின்னர் வந்தது.

இன்று செங்கல்பட்டுக் கடற்கரையில் ஒரு குடும்பத்திற்கு இத்தகைய இழப்பு நேருமாயின், திறந்திருக்கும் வாயில்கள் எவை? முதலாவது நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, கோரும் இழப்பீட்டை வைத்தன்றிச் செலுத்திய கட்டணத்தை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகிறது. கட்டணம் 50 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை மாவட்ட ஆணையமே போதும். வசிக்கும் ஊரை வைத்தே வழக்குத் தொடரலாம் என்பதால் முட்டுக்காட்டுக்காரர் செங்கல்பட்டுக்குச் சென்றால் போதுமானது. செலுத்திய தொகை 5 லட்சத்திற்குள் எனில் வழக்குக் கட்டணமும் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். பாதிப்பு உடனே புலப்படாதபோது அது வெளிப்பட்ட நாளிலிருந்து அவ்வரம்பைக் கணக்கிட இடமுண்டு என்றும், அறிந்த பின்னும் வாளாவிருந்தவர்க்கு அச்சலுகை இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியுள்ளது.

முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவர்க்கு உரிமையியல் நீதிமன்றமும், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றமும் உண்டு. மருத்துவரின் ஒழுங்கு குறித்துத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் முறையிடலாம். அது கண்டிக்கவும் பதிவிலிருந்து நீக்கவும் வல்லது, இழப்பீடு தராது. குற்றவியல் வழி மிகக் குறுகியது. கவனக்குறைவு மிகக் கொடியதாக இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவியலில் தண்டிக்க இயலாது என்றும், வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெற்ற பின்னரே காவல்துறை மேற்செல்ல வேண்டும் என்றும் 2005இன் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு வரையறுத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, மருத்துவச் செயல்முறையின்போது கவனக்குறைவால் இறப்பு விளைவிக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. இக்கட்டுப்பாடுகளை மருத்துவர்க்கான சலுகை என்று மட்டும் நாம் கொள்ளலாகாது. ஒவ்வொரு மரணத்திற்கும் கைவிலங்கு காத்திருக்குமாயின், அபாய நிலையிலுள்ள நோயாளியைத் தொட எம்மருத்துவர் துணிவார்?

எவ்வாயிலில் நுழைந்தாலும் கையில் இருக்கவேண்டியது ஆவணம். மருத்துவ ஆவணங்களை 3 ஆண்டுகள் பேணவேண்டும், நோயாளி கேட்ட 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்கின்றன 2002இன் மருத்துவ ஒழுக்க விதிகள். பார்த்தாரா, பாராதிருந்தாரா என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. எந்த நாளில் எந்தச் சோதனை செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்பதை நினைவைக் காட்டிலும் அவை உறுதியாகச் சொல்லும். துயரத்தின் நடுவே அவற்றைக் கேட்டுப் பெறுவது எளிதன்று. ஆயினும் முதலில் செய்யவேண்டியது அதுவே.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் குறள் வகுக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளில் முதல் மூன்றும் விரிவாகப் பேசப்படுகின்றன. இழப்பீட்டுத் தொகையை நாளும் உழைப்பாக மாற்றுகிறவர் நான்காமவர். 2013இல் நாடு தழுவித் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும் தேடிக் கண்டறியவேண்டியவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அப்பரிசோதனை ஒவ்வொரு மகப்பேறு மருத்துவமனையிலும் தவறாது நடக்குமாயின், 19 ஆண்டுகள் கழித்து எழுதப்படும் தீர்ப்புகளுக்குத் தேவை குறையும். முட்டுக்காட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களின் எண்ணிக்கையும் குறையும்.