முகையதீன் வக்குசுவின் மணி

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை எடுக்கச் செல்லும் குடும்பத்தார் ஜரிகையைச் சோதிக்காமல் பணத்தை எடுப்பதில்லை. இழையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதிலும் ஐயம் தீராவிடில் எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்து, தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அறிந்துகொள்வார்கள். அதே ஊரில் அதே மனிதர், பழம்பொருள் விற்பவர் நீட்டும் ஒரு வெண்கலச் செம்பைக் கண்டால் தம் எச்சரிக்கை அனைத்தையும் மறந்துவிடுகிறார்.

எம் உறவினர் ஒருவர் அவ்வாறு ஒரு செம்பு வாங்கி வந்தார். "பல்லவர் காலத்துப் பாத்திரம் பாய், பூமிக்கடியில் கிடைத்தது" என்று சொல்லி விற்றார்களாம். பச்சைக் களிம்பு அழகாகப் படர்ந்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்தபோது பல்லவர் காலம் முழுவதும் துணியோடு வந்துவிட்டது.

பொருளின் சாட்சியம்

மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தில் களிம்பு உலோகத்தையே தின்று வளர்கிறது. பச்சைக்குக் கீழே செந்நிறப் படலம் ஒன்று இருக்கும், எளிதில் உதிராது. அமிலம் பூசிச் சில வாரங்களில் வரவழைத்த களிம்போ மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பாத்திரத்தில் களிம்பே பெரும்பாலும் இராது. புளியும் சாம்பலும் இட்டு விளக்கிய கைகள் அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டா. அதன் முதுமை விளிம்பின் தேய்மானத்திலும், கை பட்ட இடத்தின் வழவழப்பிலும், ஒட்டுப்போட்ட தழும்பிலும் தெரியும். "பாட்டனார் அன்றாடம் புழங்கியது" என்ற கதையோடு தடித்த பச்சைக் களிம்பும் சேர்ந்து வந்தால், இரண்டில் ஒன்றை ஐயுறுவது அறிவுடைமை.

ஜரிகையைச் சோதிக்கும் எக்ஸ் கதிர் முறை வெண்கலத்துக்கும் பயன்படும். செம்போடு கலந்திருப்பது வெள்ளீயமா, துத்தநாகமா என்று அது சொல்லும். ஆனால் மேற்பரப்பைத்தான் அறியும். உலோகம் தான் வார்க்கப்பட்ட ஆண்டைத் தானே சொல்வதில்லை. ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழங்கிண்ணங்களில் வெள்ளீயம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் உள்ளது. அத்தகைய கலவையைக் கேரளக் கைவினைஞர் நம் காலம் வரை வார்த்து வந்துள்ளனர். கலவையை மட்டும் கொண்டு காலம் குறிப்பவர் மூவாயிரம் ஆண்டு வரை தவறக்கூடும். தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றிலுள்ள ஈயத்தின் ஓரிடத்தான்களை அளந்து, ஒத்த காலத்துப் படைப்புகளை இனம் பிரித்தார். அத்தகைய ஆய்வுக்கும் காலம் உறுதியான பொருள்கள் பல ஒப்பீட்டுக்கு வேண்டும்.

தொடரின் சாட்சியம்

ஹதீஸ் கலை வல்லார் ஒரு செய்தியை ஏற்குமுன் இரண்டை ஆராய்ந்தனர். ஒன்று, செய்தியின் வாசகமாகிய மத்ன். மற்றொன்று, அதைக் கைமாற்றித் தந்தோரின் தொடராகிய இஸ்னாத். வாசகம் எவ்வளவு அழகாயிருப்பினும், தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதைப் பலவீனமானதெனக் குறித்துவைத்தார்கள். பழம்பொருளுக்கும் இவ்விரு சோதனைகளும் வேண்டும்.

தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் 1951இல் கிடைத்த நடராசர் திருமேனி இதற்குச் சான்று. 1954இல் பழுதுபார்க்க அனுப்பப்பட்டபோது, அதைப்போல் வேறொன்று வார்க்கப்பட்டுக் கோயிலுக்குத் திரும்பியது; அசல் கைமாறியது. ஆண்டுக்கணக்கில் அன்பர்கள் நகலை வணங்கினர். 1965இல் ஆங்கில அறிஞர் டக்ளஸ் பாரெட் தம் நூலில் உண்மையைச் சுட்டினார். கடல் கடந்த அசல் 1986இல்தான் நாடு திரும்பியது. இடமும் மரபும் மெய். பொருள் மட்டும் பொய். இதற்கு நேர்மாறாக, பொருள் மெய்யாக இருந்து, அதன்மேல் ஏற்றப்பட்ட கதை ஐயத்துக்குரியதாய் அமைவதும் உண்டு. அவ்வழக்கு நம்மவருடையது.

கிழங்கு வேக வைத்த மணி

1836 வாக்கில், நியூசிலாந்தின் வடபகுதியில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரிப் பெண்கள் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது பாத்திரமன்று, கவிழ்த்து வைக்கப்பட்ட கப்பல் மணி. நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றனர் அம்மக்கள். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அவர் அதை வாங்கிக்கொண்டார். அவர் காலத்துக்குப் பின் அரும்பொருளகத்தைச் சேர்ந்த அம்மணி, இன்று வெலிங்டன் நகரத்து தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

மணியைச் சுற்றிலும் தமிழ் எழுத்துகள். "முகைய்யதீன் வக்குசுவின் கப்பல் உடைய மணி" என்பது அவற்றின் வாசகம். முஹ்யித்தீன் பக்ஷ் என்ற பெயர் தமிழ் நாவில் அவ்வாறு உருண்டிருக்கிறது. அது கப்பலின் உரிமையாளர் பெயரா, கப்பலின் பெயரா என்பது வாசகத்தால் முடிவாகவில்லை. நம் தாய்மார் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிவைத்தது போலவே, மரக்கலம் ஓட்டிய ஒருவரும் தம் உடைமையில் பெயர் பொறித்திருக்கிறார். இதைக் காணும் தமிழ் முஸ்லிம் எவருக்கும் நெஞ்சு நிமிரும்.

நிமிர்ந்த நெஞ்சோடு சிலர் மேலும் சென்றனர். எழுத்தின் பழமையான வடிவத்தால் மணிக்கு ஐந்நூறு வயது என்றனர். ஐரோப்பியருக்கு முன்பே நம்மவர் நியூசிலாந்தைக் கண்டனர் என்றனர். இங்கேதான் ஜரிகை பார்க்கும் கண் வேண்டும்.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவது, ஓலையிலும் உலோகத்திலும் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்த வழக்கம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களை வேறுபடுத்தினார். அத்தகைய எழுத்து இருந்தால் காலம் குறிக்க உதவும். ஆனால் இவ்வாசகத்தில் எகரமும் இல்லை, ஒகரமும் இல்லை! பக்ஷ் என்பது கொடை என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். அச்சொல் சேர்ந்த பெயர்கள் தமிழ்க் கரையில் எப்போது பரவின என்பதையும் ஆராய்ந்த பின்னரே ஆண்டு சொல்ல வேண்டும். கிழங்கு வெந்தது பழமைக்குச் சான்றாகாது. நியூசிலாந்துக்கு உருளைக்கிழங்கு சென்றதே 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாகத்தான்.

அடுத்து இஸ்னாத். கொலன்சோ முதல் இன்றுவரை தொடர் உறுதியானது. அதற்கு முன் மரத்தடிக் கதை ஒன்றே. அதற்கும் முன் தொடர் அறுந்துவிட்டது. நம் கப்பலே அங்குச் சென்றிருக்கலாம், ஐரோப்பியர் கைப்பற்றிய கப்பலோடு மணி போயிருக்கலாம், பண்டமாற்றில் கைமாறியிருக்கலாம். மணி மெய், அதன் பெயர் மெய், பயணம் நிறுவப்படவில்லை.

இதனால் நமக்குக் குறைவு எதுவுமில்லை. அறாத தொடருடைய செய்தி ஒன்று தனியே இருக்கிறது. சுர்வில் என்ற பிரெஞ்சுத் தலைவரின் கப்பல் 1769இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடபகுதியை அடைந்தது. புயலில் அது அங்கே இழந்த நங்கூரங்கள் 1974இல் கடலடியில் கண்டறியப்பட்டன. அக்கப்பலின் ஆட்பதிவில் மாமூத் காசிம் என்ற புதுச்சேரி மாலுமியின் பெயர் உள்ளது. அவர் கப்பல் உடையவரல்லர். கூலிக்குக் கயிறு இழுத்தவர். ஆயினும் அவர் சென்றது பதிவான வரலாறு. ஐந்நூறு ஆண்டுக் கனவைவிட, ஏட்டில் நிற்கும் அந்த ஒரு பெயர் கனமானது.

நம் வீட்டுப் பரணில் பெயர் வெட்டிய வெண்கலப் பாத்திரங்கள் இன்னும் சில இருக்கும். எடைக்குப் போடுவதற்குமுன் அப்பெயர்களைப் படியுங்கள். யாருடைய சீர், எந்த ஊரில் வார்த்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். முகையதீன் வக்குசுவின் மணிக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அதன் பயணத்தை நாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.