வார்டின் எல்லையும் நீரின் எல்லையும்: பள்ளிக்கரணைப் பகுதியில் உள்ளாட்சி வேட்பாளரின் வாக்குறுதி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென்புறநகரில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவரின் பரப்புரை மழைநீர், கழிவுநீர், குப்பை, தெருச்சாலை என்னும் நான்கையே பெரிதும் சுற்றி வருகிறது. இவற்றைத் தீர்க்கும் அதிகாரம் எந்த அளவுக்கு அவ்வேட்பாளர் வெல்லக்கூடிய பதவிக்கு உரியது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 1996க்குப் பிந்திய ஆலந்தூர் நகராட்சி, 2011இன் மாநகராட்சி விரிவாக்கம், 2016 முதல் 2022 வரை நீடித்த மன்றமில்லாக் காலம், 2022ஆம் ஆண்டுத் தேர்தல் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வாக்குறுதிக்கும் அதிகாரத்திற்கும் இடையிலான தொலைவு காலந்தோறும் வளர்ந்து வந்துள்ளது என்பதும், ஆயினும் பதில்சொல்லும் ஒருவரை மக்களுக்கு அருகில் நிறுத்துவதில் அப்பதவிக்கு இன்றியமையாத இடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பள்ளிக்கரணை, உள்ளாட்சித் தேர்தல், வார்டு, ஆலந்தூர், கழுவெளி, பகுதி சபை

முன்னுரை

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. தாம்பரத்தின் கிழக்கே பெய்யும் மழைநீரில் பெரும்பகுதி ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. பகுதி மக்கள் ‘கழுவெளி’ என்று வழங்கிய அத்தாழ்நிலத்தின் ஓரத்தில் அமைந்த ஊரே பள்ளிக்கரணை. மழைக்காலத்தில் நீர் எங்கே நிற்கும் என்பது இவ்வூரின் நிலவியல் செய்தி. அந்நீரை யார் அகற்றுவது என்பது இவ்வூரின் அரசியல் வினா.

இவ்வினா வாக்காளரின் வீட்டு வாசலில் ஒருவரிடம் நேருக்கு நேர் கேட்கப்படும் தருணம் உள்ளாட்சித் தேர்தல். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. தெருவிளக்கையும் வடிகாலையும் முன்வைத்து வாக்குக் கேட்பவரின் வரலாறோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அவ்வாக்குறுதியின் தன்மையைப் பள்ளிக்கரணையை மையமாகக் கொண்டு அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடவோலையும் வேட்பாளரும்

உள்ளாட்சி பற்றிய தமிழ் ஆய்வுகள் உத்தரமேரூரிலிருந்து தொடங்குவது மரபு. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. நிலவுடைமை, சொந்த மனையில் வீடு, வயது, கல்வி ஆகியன தகுதிகள். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இம்மரபை இன்றைய தேர்தலின் நேரடி முன்னோடியாகக் கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அது பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அதில் இடமில்லை. குடத்திலிட்ட ஓலையை ஒரு சிறுவன் எடுத்தான். ஆகவே வாக்குக் கேட்கும் தேவை எவருக்கும் எழவில்லை. எனினும் இரண்டு செய்திகள் இக்கட்டுரைக்குப் பொருந்துவன. ஏரிக்குப் பொறுப்பான குழு அவ்வூரிலேயே இருந்தது என்பது ஒன்று. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது என்பது மற்றொன்று. பொறுப்பும் பதில்சொல்லும் கடமையும் ஒரே இடத்தில் கூடியிருந்தன.

வாக்குக் கேட்கும் வேட்பாளர் பிற்காலத்தவர். ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானமும், சென்னை மாகாணத்தின் 1884, 1920ஆம் ஆண்டுச் சட்டங்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு வழிவகுத்தன. அன்று வாக்குரிமை வரி செலுத்துவோருக்கே உரியதாக இருந்தது. விடுதலைக்குப் பின்னரே வயதுவந்தோர் அனைவரும் ஊராட்சித் தேர்தலில் வாக்காளர் ஆயினர். ஆயினும் தேர்தல் ஒழுங்காக நடைபெறவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது; அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. பிற உள்ளாட்சிகளுக்கு 1986இல் நடந்த தேர்தலுக்குப் பின் 1996 வரை தேர்தல் இல்லை. 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதைக் கட்டாயமாக்கிய பின்னரே இந்நிலை மாறியது.

ஆலந்தூர்: நிறைவேறிய ஒரு வாக்குறுதி

அந்த 1996ஆம் ஆண்டுத் தேர்தலை அடுத்துத் தென்புறநகரில் நிகழ்ந்த ஒரு முயற்சி இங்கு முதன்மைச் சான்றாகிறது. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. அங்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகள் கழிவுநீர்த் தொட்டிகளையே நம்பியிருந்தன. நகர்மன்றத் தலைவர் ஆர். எஸ். பாரதியின் தலைமையில் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டது. மாநில அரசின் மானியத்திற்காக மட்டும் காத்திராமல், இணைப்புப் பெறவிருக்கும் வீடுகளிடமிருந்தே முன்கூட்டி ரூ. 5,000 வைப்புத்தொகை பெறப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடுவீடாகச் சென்று மக்களை இணங்கச் செய்தன. எஞ்சிய தொகைக்குக் கடனும் மானியமும் திரட்டப்பட்டன.

தோண்டப்படாத ஒரு சாக்கடைக்கு மக்கள் தம் கைப்பணத்தை முன்னதாகக் கொடுத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பணத்தைப் பெற்றவர் யார், திட்டத்தை நடத்துபவர் யார், தவறினால் யாரிடம் கேட்பது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை ஒரே நகராட்சிக் கட்டடத்தில் இருந்தது. அந்நம்பிக்கையின் அடித்தளம் அதுவே எனலாம்.

இவ்வெற்றிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆலந்தூரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஆலந்தூரில் அமையவில்லை. கழுவெளியை ஒட்டிய பெருங்குடியில் அமைந்தது. ஒரு நகராட்சியின் வாக்குறுதி நிறைவேற மற்றோர் ஊரின் நிலம் தேவைப்பட்டது. சுத்திகரித்த நீரைப் பொறுத்தவரை இது பெருங்குறையன்று. குப்பையைப் பொறுத்தவரை நிலைமை வேறு.

குப்பை ஓரிடம், வாக்கு வேறிடம்

பெருங்குடியின் சதுப்புநிலப் பகுதி 1980கள் முதல் சென்னை மாநகராட்சியின் குப்பைக் கிடங்காயிற்று. அப்போது மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.; பெருங்குடியும் பள்ளிக்கரணையும் அதற்கு வெளியே இருந்தன. மாநகரம் தன் குப்பையைத் தன் எல்லைக்கு அப்பால் கொட்டியது. கிடங்கின் புகையைச் சுவாசித்தவர்கள் அதை நடத்திய மன்றத்திற்கு வாக்களிக்க இயலாதவர்கள். அவர்கள் வாக்களித்த உள்ளூர் மன்றத்திற்கோ கிடங்கின்மீது அதிகாரம் இல்லை. கிடங்கை அகற்றுவேன் என்று அங்கே ஒரு வேட்பாளர் உறுதி கூறியிருந்தாலும், அவர் வென்று அமரும் மன்றத்தில் அத்தீர்மானத்தைச் செயற்படுத்த வழியில்லை.

உள்ளூர் மன்றங்களின் தகுதிநிலையும் உறுதியாக நிலைக்கவில்லை. 2004இல் தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. மக்கள்தொகையோ விரைந்து பெருகியது. 2001இல் சுமார் 22,500ஆக இருந்த பள்ளிக்கரணையின் மக்கள்தொகை 2011இல் சுமார் 43,500 ஆயிற்று. புதிய குடியிருப்புகள் எழுந்த வேகத்திற்கு ஈடுகொடுத்து வடிகால் அமைக்கும் நிதிவலிமை ஒரு பேரூராட்சிக்கு இல்லை.

2011இன் இணைப்பு

2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. பரப்பு 426 சதுர கி.மீ. ஆயிற்று, வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. பள்ளிக்கரணையும் பெருங்குடியும் ஆலந்தூரும் இவ்விணைப்பில் அடங்கும்.

இவ்விணைப்பால் நிகழ்ந்த மாற்றத்தை இருவகையாகக் காணலாம். பள்ளிக்கரணை வாக்காளர் குப்பைக் கிடங்கை நடத்தும் மன்றத்திற்கே முதன்முறையாக வாக்களித்தார். மாநகராட்சியின் நிதியும் பொறியியல் துறையும் அவருடைய தெருவுக்கு உரியனவாயின. இது ஆதாயம். இழப்பு பிரதிநிதித்துவத்தில் நேர்ந்தது. 42 உள்ளாட்சிகளில் தலைவர்களும் உறுப்பினர்களுமாக இருந்த பலநூறு பேரின் இடத்தில் 93 மாமன்ற உறுப்பினர்கள் வந்தனர். தெருவுக்கு அறிமுகமான உறுப்பினரின் இடத்தைப் பல்லாயிரம் வாக்காளர்களுக்கு ஒருவரான உறுப்பினர் பெற்றார். ஆலந்தூரைப் போலத் தானே திட்டமிட்டு, தானே நிதி திரட்டி, தானே நிறைவேற்றும் மன்றம் தென்புறநகரின் இப்பகுதியில் இல்லாமற்போயிற்று. மன்றத்தின் வலிமை கூடியது. அம்மன்றத்தில் ஊரின் குரல் குறைந்தது.

மன்றமில்லாக் காலம்

அக்குரலும் நீடிக்கவில்லை. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அம்மாதம் 4ஆம் நாள் ரத்துச் செய்தது. மன்றங்களின் பதவிக்காலம் அதே மாதத்தில் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தற்காலிகமாகத் தொடங்கிய ஏற்பாடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. சென்னையில் புதிய மாமன்ற உறுப்பினர்கள் 2022 மார்ச் 2ஆம் நாளில்தான் பதவியேற்றனர். இடைப்பட்டது ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட காலம். ஒரு மன்றத்தின் முழுப் பதவிக்காலத்தை விட நீண்டது.

2016 டிசம்பரின் வர்தா புயலும், 2020இன் பெருந்தொற்றும் இக்காலத்தில் நிகழ்ந்தவை. குடியிருப்போர் நலச் சங்கங்களும், சூழலியல் அமைப்புகளும், நீதிமன்றமும், பசுமைத் தீர்ப்பாயமும் மன்றத்தின் இடத்தை ஓரளவு நிரப்பின. ஆனால் சங்கம் தன் உறுப்பினருக்கே கடமைப்பட்டது. நீதிமன்றம் தன் முன் வரும் வழக்கை மட்டுமே கேட்கும். மனைப்பட்டா இல்லாதவர், வாடகைக்குக் குடியிருப்பவர், சங்கம் இல்லாத தெருவில் வாழ்பவர் ஆகியோருக்கு வாக்கைத் தவிர வேறு கருவி இல்லை. வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாதபோது அவர்களே முதலில் குரலிழந்தனர்.

2022 தேர்தல்

2022 பிப்ரவரி 19ஆம் நாள் நகர்ப்புறத் தேர்தல் நடைபெற்றது. சென்னையின் 200 வார்டுகளில் கணிசமானவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர். பிரியா அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக வசந்தகுமாரி கமலக்கண்ணன் தேர்வானார். உத்தரமேரூர்ச் சபை விலக்கி வைத்தவர்கள் மாமன்றத்தின் தலைமைக்கு வந்தனர் என்பது சிறிய மாற்றமன்று.

எனினும் வாக்குப்பதிவு மாநில அளவில் சுமார் 61 விழுக்காடாக இருக்க, சென்னையில் 44 விழுக்காட்டை எட்டவில்லை. 200 இடங்களில் 153 திராவிட முன்னேற்றக் கழகத்திற்குச் சென்றன. சுயேச்சைகள் வென்றவை ஐந்து. கட்சி சாராது வட்டாரச் சிக்கலை மட்டும் முன்வைப்பவருக்கு இருந்த இடம் இவ்வளவே. இதனை வாக்காளரின் கட்சிப்பற்று என்று மட்டும் விளக்குவது முழுமையாகாது. வார்டு உறுப்பினரிடம் அதிகாரம் குறைவு என்பதை அறிந்த வாக்காளர், மாநில அரசை அணுக வழியுள்ளவரைத் தேர்வதில் ஒரு கணக்கு இருக்கிறது.

நீர் செல்லும் வழி

அக்கணக்கின் நியாயத்தை நீரின் வழி காட்டும். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. செம்பாக்கமும் கீழ்க்கட்டளையும் தாம்பரம் மாநகராட்சியில் உள்ளன; நன்மங்கலம் ஊராட்சி; நாராயணபுரம் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. நன்மங்கலம் 2021 அக்டோபரில் கட்சிச் சின்னங்கள் இல்லாத ஊராட்சித் தேர்தலில் வாக்களித்தது. மற்றவை 2022 பிப்ரவரியில் வாக்களித்தன. மாவட்டமும் ஒன்றன்று: மேலுள்ளவை செங்கல்பட்டு மாவட்டம், பள்ளிக்கரணை 2018 முதல் சென்னை மாவட்டம்.

துறைகளின் பிரிவும் இத்தகையதே. ஏரிகள் நீர்வளத் துறையிடமும், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடமும், வேளச்சேரி–தாம்பரம் சாலை நெடுஞ்சாலைத் துறையிடமும், கட்டட அனுமதி பெரிதும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும், சதுப்புநிலத்தின் காப்புக்காடு வனத்துறையிடமும் உள்ளன. 2022இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. மாநகராட்சிக்கு எஞ்சுவன உட்சாலை, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு முதலியன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை மீண்டும் நீரில் நின்றது. தெருவடிகால் எவ்வளவு செம்மையாக இருப்பினும் அது கொண்டுசேர்க்கும் கழுவெளி நிரம்பியிருந்தால் நீர் போக்கிடமின்றி நிற்கும். அந்நிலையில் வார்டு உறுப்பினர் தன் அதிகாரத்தால் செய்யக்கூடியது சிறிதே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளை எட்டலாம். ஆலந்தூரில் வாக்குறுதியும் நிதியும் அதிகாரமும் ஒரே மன்றத்தில் கூடியிருந்தமையால் சாக்கடை வந்தது. 2011க்கு முன் குப்பைக் கிடங்கைப் பொறுத்தவரை பள்ளிக்கரணையில் வாக்கும் அதிகாரமும் முற்றிலும் பிரிந்திருந்தன. இணைப்பு அவற்றை ஓரளவு கூட்டியது. ஐந்தாண்டு வெற்றிடம் மீண்டும் பிரித்தது. இன்றைய வேட்பாளர் ‘வெள்ளம் வராது’ என்று கூறுவது அவர் பதவிக்கு மீறிய சொல். இன்ன சிக்கல் இன்ன துறைக்கு உரியது, அங்குச் சென்று கேட்டு, பெற்ற விடையை இங்கு வந்து சொல்வேன் என்பதே அவர் நேர்மையாகத் தரக்கூடிய வாக்குறுதி.

அதற்கான களமும் இப்போது உண்டு. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சி நாளன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பங்கேற்றார். நீர்வளத் துறையும் குடிநீர் வாரியமும் இச்சபைகளில் விடைகூறக் கடமைப்பட்டால்தான் இவை பயன்தரும். இல்லையேல் மனு வாங்கும் இடமாகவே முடியும். செம்பாக்கம் முதல் நாராயணபுரம் வரையுள்ள உறுப்பினர்கள் ஒரு நீர்வழியின் பெயரால் கூடி அமர்வதற்கு இன்றுவரை மன்றம் ஒன்று இல்லை. ஏரிக்கென ஒரு வாரியம் வைத்து, கணக்குக் காட்டாதவரை விலக்கிய மண்ணில் அக்குறை நீக்கத்தக்கதே.