நாய்க்கு ஆறு மாதக் காவல்

மனிதன் ஒரு நாட்டைவிட்டு மற்றொரு நாட்டிற்குக் குடிபெயரும்போது, தான் அருமையாக வளர்த்த நாயையும் பூனையையும் உடன் கொண்டு செல்ல விரும்புவது இயல்பு. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நாயுடன் பிரிட்டனுக்குச் சென்று இறங்கியவர், துறைமுகத்திலேயே அதைப் பிரிய நேர்ந்தது. நாய் நல்ல உடல்நலத்துடன் இருக்கலாம். மருத்துவரின் சான்றிதழ்கூடக் கையில் இருக்கலாம். அவையெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. அரசு ஏற்பு பெற்ற காவற்கூடத்தில், தனிக்கூண்டில், அது முழுதாக ஆறு மாதம் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அதற்கான செலவும் உரிமையாளருடையதே.

ஒரு குற்றமும் செய்யாத விலங்கிற்கு ஏன் இந்தச் சிறை? ஐந்து மாதமோ ஓராண்டோ இல்லாமல், சரியாக ஆறு மாதம் என்று வரையறுத்தது ஏன்? ஏறத்தாழ நூறாண்டு நிலைத்த அந்த விதி இன்று எப்படித் தளர்ந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு நோயை மனிதன் படிப்படியாகப் புரிந்துகொண்ட வரலாறே நம் கண்முன் விரியும்.

நாற்பது நாள் வழக்கம்

நோயைத் தடுக்க வந்தவரைக் காத்திருக்க வைக்கும் முறை மிகப் பழையது. கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிய காலத்தில், ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகூசா நகரம் 1377-இல் ஒரு சட்டம் செய்தது. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் நகருக்கு வெளியே தங்கியிருக்க வேண்டும் என்பது அச்சட்டம். பிற்பாடு முப்பது நாள் நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்ற பெயர் பிறந்தது.

நோயின் காரணம் அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆயினும், நோய் உள்ளே ஒளிந்திருந்தால் சில நாளில் வெளிப்பட்டுவிடும் என்பது அனுபவத்தால் தெரிந்திருந்தது. காரணம் அறியாத இடத்தில் காலமே அவர்களுக்குச் சோதனைக் கருவியாயிற்று. நாய்களைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியிருந்த நோய் வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ்.

நரம்பு வழிப் பயணம்

ரேபிஸ் ஒரு வைரஸ் நோய். நோயுற்ற விலங்கு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் வைரஸ் தசைக்குள் நுழைகிறது. பெரும்பாலான வைரஸ்களைப் போல அது இரத்தத்தின் வழியே விரைவாகப் பரவுவதில்லை. நரம்பிழையைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. மூளையை அடைந்து பெருகிய பிறகே அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கி வருகிறது. நாய்களுக்கு இந்தப் பயணம் முடியப் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை ஆகும். அரிதாக ஆறு மாதமோ அதற்கு மேலோகூட ஆவதுண்டு.

இந்த இடைக்காலத்தில் நாய் வழக்கம்போல் உண்ணும், ஓடும், வாலாட்டும். அதனிடம் நோயின் அறிகுறி எதுவும் இராது. கடித்தாலும் அப்போது நோய் தொற்றாது. அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்புதான் உமிழ்நீரில் வைரஸ் வருகிறது. ஆகவே கப்பலிலிருந்து இறங்கும் நாயை எத்தனை தேர்ந்த மருத்துவர் சோதித்தாலும் பயனில்லை. இரத்தத்திலும் தடயம் கிட்டாது. நோய் தானாக வெளிப்படும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. நோயரும்பும் காலம் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் அடங்குவதால், அதுவே காவற்காலம் ஆயிற்று.

வாய்ப்பூட்டுப் போர்

பிரான்சில் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தி வெற்றி கண்டார். அவ்வழியில் மருத்துவம் செய்ய உலகெங்கும் நிலையங்கள் எழுந்தன. நம் குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிலையமும் அவற்றுள் ஒன்று. ஆனால் அவை கடிபட்ட மனிதரைக் காக்க எழுந்தவை. நாய்களிடமிருந்து நோயை ஒழிக்கும் வழி வேறாக இருந்தது.

பிரிட்டன் தீவு நாடு என்பதால் அதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது. உள்ளே இருக்கும் நோயை ஒழித்துவிட்டுக் கடல் வழியை அடைத்துவிட்டால் நோய் மீண்டும் வராது. வேளாண்மை வாரியத் தலைவராக இருந்த வால்டர் லாங் இதில் உறுதியாக நின்றார். நோய் கண்ட வட்டாரங்களில் நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயமாயிற்று. கேட்பாரற்றுத் திரிந்த நாய்கள் பிடிக்கப்பட்டன. நாய் வளர்ப்போரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அமைச்சரோ பின்வாங்கவில்லை. 1902-இல் பிரிட்டனில் ரேபிஸ் முற்றும் ஒழிந்தது. வெளியிலிருந்து வரும் நாய்களுக்கு ஆறு மாதக் காவல் என்ற விதி இதையொட்டியே நிலைபெற்றது. பின்னாளில் பூனைகளும் அதில் சேர்ந்தன.

இந்த வெற்றிக்குத் தடுப்பூசி எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பரவும் வழியை அடைத்ததே போதுமானதாயிற்று.

வேலி தாண்டிய நோய்

முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், தென்மேற்கு இங்கிலாந்தில் பிளிமத் நகரை ஒட்டிய பகுதியில் ரேபிஸ் மீண்டும் தலைகாட்டியது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் மறைத்துக் கொண்டுவந்த நாய்களே காரணம் எனக் கருதப்பட்டது. துணையாயிருந்த நாயைப் பிரிய மனமில்லாதவரின் அன்பே நோய்க்கு வாசல் திறந்துவிட்டது. அதை மீண்டும் ஒழிக்க 1922 வரை ஆயிற்று. இதற்குப் பின் ஆறு மாதக் காவலை எதிர்த்துப் பேசுவது கடினமாயிற்று.

செல்வாக்குடையோருக்கும் அவ்விதியில் சலுகை கிடைக்கவில்லை. புகழ்பெற்ற நடிகை எலிசபெத் டெய்லர் 1968-இல் லண்டனுக்கு வந்தபோது, தம் நாய்களுக்காகவே ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தித் தேம்ஸ் ஆற்றில் நிறுத்தி வைத்தார். நாய்கள் பிரிட்டிஷ் மண்ணை மிதிக்காதவரை சட்டம் அவற்றைத் தொடவில்லை!

மறு ஆண்டே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய் ஆறு மாதக் காவலை முறையாக முடித்துக்கொண்டு வீடு திரும்பிய சில நாட்களில், 1969 அக்டோபரில், காம்பர்லி என்ற ஊரில் வெறிகொண்டது. நோய் காட்டு விலங்குகளுக்குத் தொற்றியிருக்குமோ என்ற அச்சத்தில் சுற்றுவட்டாரத்து நரிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1970-இல் பாகிஸ்தானிலிருந்து வந்த மற்றொரு நாயும் காவல் முடிந்து சில மாதங்களுக்குப் பின் நோயுற்றது.

ஆறு மாதம் போதவில்லையா? அல்லது காவற்கூடத்திற்குள்ளேயே ஒரு விலங்கிடமிருந்து மற்றொன்றிற்கு நோய் தொற்றியதா? வாட்டர்ஹவுஸ் தலைமையில் அமைந்த குழு 1971-இல் தன் முடிவைத் தெரிவித்தது. காவல் ஆறு மாதமாகவே இருக்கட்டும். ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் அங்கே தடுப்பூசி போடவேண்டும் என்றது அது. 1974-இல் சட்டம் மேலும் இறுகியது. விலங்கை மறைத்துக் கொண்டுவருவோருக்குச் சிறைத்தண்டனையும் காத்திருந்தது.

சான்றிதழை ஏன் நம்பவில்லை?

நாய்களுக்கான நல்ல தடுப்பூசிகள் 1950-களிலேயே புழக்கத்திற்கு வந்துவிட்டன. ஊசி போட்ட நாயை உள்ளே விடுவதில் என்ன தடை என்று கேட்கலாம். அதிகாரிகளுக்கு மூன்று ஐயங்கள் இருந்தன. ஊசி போட்டாலும் உடலில் எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே உண்டாயிற்றா? ஊசிக்கு முன்பே அந்த நாய் கடிபட்டிருந்தால் என்ன செய்வது? சான்றிதழில் குறித்துள்ள 'பழுப்பு நிற ஆண் நாய்' இதுதானா, வேறொன்றா?

முதல் ஐயத்தை இரத்தப் பரிசோதனை தீர்த்தது. தடுப்பூசி பலித்தால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றும். அவற்றின் அளவைக் கணக்கிடும் முறைகள் 1970-களில் செம்மையுற்றன. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகு இருந்தால் போதுமானது என வகுக்கப்பட்டது. மூன்றாம் ஐயத்தைத் தீர்த்தது நுண்சில்லு. அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து, தோலுக்கடியில் செலுத்தப்படும் இதில் மின்கலம் கிடையாது. படிக்கும் கருவியின் வானொலி அலை பட்டதும் தனக்குரிய 15 இலக்க எண்ணைச் சொல்லும். இரண்டாம் ஐயத்திற்குப் பழைய மருந்தேதான்: காத்திருத்தல். ஆனால் அந்தக் காத்திருப்பு வந்து சேர்ந்த நாட்டுக் கூண்டில்தான் கழிய வேண்டுமா? புறப்படுவதற்கு முன் சொந்த வீட்டிலேயே கழிந்தால் ஆகாதா?

நரியும் கோழித்தலையும்

இதற்கிடையே ஐரோப்பாக் கண்டத்தில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிழக்கே தொடங்கிய நரி ரேபிஸ், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி நகர்ந்து 1968-இல் பிரான்சை எட்டியது. நரிகளைச் சுட்டுத் தள்ளியும் அது நிற்கவில்லை. 1978-இல் ஸ்விட்சர்லாந்து அறிவியலார் புதுமையான வழியொன்றைக் கையாண்டனர். கோழித்தலைகளில் தடுப்பு மருந்தை வைத்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பரப்பினர். நரிகள் அவற்றைத் தின்று எதிர்ப்பாற்றல் பெற்றன. பள்ளத்தாக்கின் குறுக்கே நோய்க்கு ஓர் அணை எழுந்தது. பின்னர் ஆலைகளில் செய்த இரைகள் விமானங்களிலிருந்து தூவப்பட்டன. ஸ்விட்சர்லாந்து 1999-இலும், பிரான்ஸ் 2001-இலும், ஜெர்மனி 2008-இலும் ரேபிஸ் நீங்கிய நாடுகளாயின.

1994-இல் கால்வாய்ச் சுரங்கப்பாதை திறந்தபோது, வெறிபிடித்த நரிகள் அதன்வழி வந்துவிடும் என்று பிரிட்டனில் பலர் அஞ்சினர். உண்மையில் அப்போது மறுகரையில் நோய் தேய்ந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில் ஸ்வீடனும் நார்வேயும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து வரும் நாய்களுக்குக் காவலை நீக்கி, தடுப்பூசியையும் இரத்தப் பரிசோதனையையும் ஏற்றுக்கொண்டன. பிரிட்டனில் பேராசிரியர் கென்னடி தலைமையிலான குழு 1998-இல் இதே வழியைப் பரிந்துரைத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 முதல், சில நாடுகளிலிருந்து வரும் நாய்களும் பூனைகளும் கூண்டைத் தவிர்க்கலாயின. ஆயினும் இரத்தப் பரிசோதனைக்குப்பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய ஆறு மாதம் மறையவில்லை. காவற்கூடத்திலிருந்து வீட்டு முற்றத்திற்கு இடம் மாறியது, அவ்வளவே! 2012-இல் அக்காலமும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வருவதற்கு முதல் தடுப்பூசிக்குப்பின் 21 நாள் போதும் என்றாயிற்று.

இங்கிருந்து ஒரு நாய் புறப்பட்டால்

இன்று இந்தியாவிலிருந்து லண்டன் செல்லும் நாய்க்குச் செய்ய வேண்டுவன யாவை? முதலில் நுண்சில்லு, அதன் பிறகே தடுப்பூசி. இந்த வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது, ஏனெனில் யாருக்குப் போட்டது என்பதற்குச் சான்றில்லை. முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஏற்பு பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முன்பே நோய் தொற்றியிருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். நாய் லண்டனை அடைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரம் முன்பு நாடாப்புழு மருந்தும் தரவேண்டும். பூனைக்கு இது தேவையில்லை.

விலங்கின் மனத்தையும் ஆயத்தம் செய்ய வேண்டும். பயணக் கூண்டு, அது எழுந்து நிற்கவும் திரும்பவும் இடமுள்ளதாக இருக்க வேண்டும். பல வாரம் முன்பே அக்கூண்டை வீட்டில் திறந்து வைத்து, உணவையும் படுக்கையையும் அதிலேயே கொடுத்துவந்தால், பயண நாளில் அது பழகிய இடமாகிவிடும். மயக்க மருந்து கொடுத்து அனுப்புவது தவறு. பறக்கும்போது இரத்த அழுத்தமும் மூச்சும் தாழ்ந்து ஆபத்து நேரலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத்திணறும் இடர் இயல்பாகவே மிகுதி.

தெருவும் வீடும்

பாரிஸ் நாய்க்கு 21 நாள்; சென்னை நாய்க்கு நான்கு மாதம்! இது பாகுபாடு என்று தோன்றலாம். ஆனால் இந்த வேறுபாடு நாயின் இனத்தையோ உரிமையாளரின் செல்வத்தையோ பொறுத்ததன்று. அந்த நாய் வாழும் தெருவில் நோய் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பிரான்சு நாட்டு வளர்ப்பு நாய்க்கு வாசல் திறந்ததில் அதன் எசமானர் போட்ட ஊசிக்கு மட்டுமன்றி, காட்டு நரிகள் தின்ற இரைக்கும் பங்குண்டு.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் ரேபிசால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள்; அனேகமாக எல்லோரும் நாய்க்கடியால் நோயுற்றவர்கள். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் நோய்ச்சங்கிலி அறுந்துவிடும் என்பது அறிவியல் கண்ட முடிவு. நம் வீட்டு நாயின் காத்திருப்பைக் குறைக்கும் திறவுகோல் லண்டனில் இல்லை. நம் தெருவில் திரியும் நாய்க்குப் போடும் ஊசியில்தான் இருக்கிறது. வீட்டு நாய்க்கு அதனால் கிட்டுவது சில மாதங்கள். தெருவில் விளையாடும் குழந்தைக்கோ அது உயிர்.