அஞ்சு குண்டு சுட்ட பிறகு திருகலாம்: ஒரு லீவர் ரைஃபிளும் ஆட்கொல்லிப் புலிகளும்

வழக்கம்போல பட்டினப்பாக்கத்தில் என் வீட்டு மொட்டைமாடி ரூமில் இருந்துதான் பேசுறேன். பின்னாடி கேட்கிற இரைச்சல் கடல். எவ்வளவு எடிட் பண்ணாலும் போகாது, பொறுத்துக்கோங்க.

போன சனிக்கிழமை நாங்க நாலு பேர் ஒரு ஏர் ரைஃபிள் ரேஞ்சுக்குப் போனோம். அட்டை இருந்தது 10 மீட்டர் தூரத்தில். என் ஃப்ரெண்டோட முதல் குண்டு வலப்பக்கம் போச்சு. உடனே சைட்டைத் திருகினான். அடுத்தது இடப்பக்கம். மறுபடியும் திருகினான். பத்து குண்டு, பத்து இடம். நாங்க சிரிச்சுட்டு இருந்தோம். கோச் வந்தார். "தம்பி, முதல்ல அந்தத் திருகை விடுங்க. ஒரே மாதிரி புடிச்சு, ஒரே மாதிரி மூச்சு விட்டு அஞ்சு குண்டு சுடுங்க. அஞ்சும் எங்க சேருதுன்னு பார்த்துட்டு அப்புறம் திருகலாம்."

சுட்டான். அஞ்சும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள அடங்கிச்சு. ஆனா நடுவில் இருந்து 2 சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி. இப்போ தப்பு யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு. கை சரி, சைட்தான் சரியில்ல. அதைத் திருத்துறதுக்குப் பேர்தான் 'ஜீரோ' பண்றது. டெலஸ்கோப் மாட்டின ரைஃபிளா இருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் கோச் ஒரு கேள்வி கேட்டார்: "இங்க 2 சென்டிமீட்டர்னா, 100 மீட்டரில் எவ்வளவு?" கணக்கு சுலபம், 20 சென்டிமீட்டர். "ஒரு மிருகத்தோட உடம்பில் அது நெஞ்சுக்கும் வயித்துக்கும் உள்ள தூரம்" என்றார். அந்த ஒரு வரியால்தான் இந்த எபிசோட்.

நான் ஸ்கூல் படிக்கும்போது கென்னத் ஆண்டர்சன் கதைகள்னா பைத்தியம். 1910-ல் பிறந்து 1974-ல் இறந்த பெங்களூர்க்காரர், ஸ்காட்லாந்து வம்சாவளி. ஓசூர் பக்கத்து ஜவளகிரி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று நம்ம தமிழ்நாட்டுக் காடுகளில் சுற்றியவர். அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 1954-ல் வந்தது. ஜவளகிரி ஆட்கொல்லியின் கதை அதில்தான் இருக்கிறது.

அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். கௌபாய் படத்தில் பார்த்திருப்பீங்களே, விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும், அதைக் கீழே தள்ளி மேலே இழுப்பாங்க. அதுதான் லீவர். தள்ளினால் காலித் தோட்டா வெளியே விழும், இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். துப்பாக்கி தோளை விட்டு இறங்காது.

பழைய லீவர் துப்பாக்கிகளில் குழாய்க்கு அடியில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். குண்டின் முனை கூராக இருந்தால் முன்னால் நிற்கும் தோட்டாவின் பின்பக்கத்தில் குத்தி உள்ளேயே வெடிக்கலாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த மாடலில் தோட்டாக்கள் ஒரு பெட்டிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அந்த ஆபத்து போனது. .405 தோட்டா 1904-ல் வந்தது. குண்டு சுமார் 19 கிராம் எடை. 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப்போனதும் இதே ரகம்தான்.

சரி, இதெல்லாம் துப்பாக்கிப் பெருமை. சின்ன வயசில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம் வேற. அந்தப் புலி ஏன் மனுஷனைத் தின்ன ஆரம்பிச்சது?

ஆண்டர்சன் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களில் ஒன்று, பழைய குண்டுக்காயம். யாரோ ஒருவர் அரைகுறை வெளிச்சத்தில், நாட்டுத் துப்பாக்கியிலோ நல்ல ரைஃபிளிலோ சுட்டிருப்பார். குண்டு பட்டது, புலி சாகவில்லை. சுட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார். மானைத் துரத்த முடியாத புலி, விறகு பொறுக்க வந்த பெண்ணையும் மாடு மேய்த்த பையனையும் பிடித்தது.

வடக்கே ஜிம் கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் பெண்புலியை எடுத்துக்கோங்க. 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதினார். செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூடு. முதலில் சுட்டவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில் சுட்டவர் பெயர்தான் நமக்குத் தெரியும்.

அதுக்காக ஆண்டர்சனைக் குறை சொல்லலை. தன் குறி தப்பியதையும் அவர் எழுதியிருக்கிறார். காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் போய் முடிப்பது சுட்டவன் கடமை என்று நம்பிய ஆள். ஆனா நாம வீரக்கதையா படிக்கிற பல வேட்டைகள், வேறொருவரின் அலட்சியத்தைச் சரிசெய்யும் வேலை. ஆட்கொல்லி காட்டில் பிறக்கலை. பல நேரம் நாமதான் உண்டாக்கினோம்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2014-ல் அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2021-ல் நீலகிரியில் T23 என்ற புலி நாலு பேரைக் கொன்றதா சொல்லி, வேட்டையாட உத்தரவு போனது ஞாபகம் இருக்கும். கொல்ல வேண்டாம், உயிரோடு பிடியுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். மூன்று வாரம் தேடி, அக்டோபரில் மசினகுடி பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

அங்கேயும் ஒருத்தர் குறி பார்த்துதான் சுட்டார். ஊசி சதையில் இறங்கணும், எலும்பில் படக்கூடாது. ஆண்டர்சன் கவலைப்பட்ட அதே சில சென்டிமீட்டர்தான்.

என் ஃப்ரெண்ட் அந்த அட்டையை மடிச்சு பர்ஸ்ல வெச்சிருக்கான். திருத்தின பிறகு சுட்டது இல்ல. 2 சென்டிமீட்டர் தள்ளிப் போன அந்த முதல் அஞ்சு குண்டு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.