கொலாபா முள் சொன்ன சேதி

பெங்களூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஸ்ரீராம்புரத்து மொட்டை மாடியில் விடிய விடிய உட்கார்ந்தாலும் துருவ ஒளி கண்ணில் படாது. ஆனால், அந்த ஒளி எப்போது வரும் என்று கணிக்கும் அறிவியலில் நம் நாட்டு ஆய்வகங்களுக்கு நெடுநாள் பங்கு உண்டு.

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் வானியலாளர் ரிச்சர்டு காரிங்டன் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென ஒரு வெண்சுடர் வெடித்து, ஐந்து நிமிடத்தில் அடங்கியது. சுமார் 17 மணி நேரத்தில் பூமியைக் காந்தப் புயல் தாக்கியது. துருவ ஒளியால் கியூபா வரை வானம் சிவந்தது. ஐரோப்பியக் காந்தமானிகள் பலவற்றில் முள் அளவுகோலுக்கு வெளியே போய்விட, பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் ஊழியர்கள் முள்ளின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் ஏட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கிடைமட்டக் காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்ததை அந்த ஏடுதான் காட்டிக்கொடுத்தது. 2003இல் புரூஸ் சுருடானி, குர்பக்ஸ் லக்கினா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை வைத்தே அந்தப் புயலின் வலிமையைக் கணக்கிட்டார்கள். பெயர் தெரியாத அந்த எழுத்தர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

2024 மே 10 இரவு லடாக்கின் ஹன்லே வானில் செந்நிற ஒளி எழுந்தது. பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் கேமராக்கள் அந்த ஒளியைப் பதிவு செய்தன. ஏன் சிவப்பு மட்டும்? ஆக்சிஜன் அணுக்கள் 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பாகவும், அதற்குக் கீழே பச்சையாகவும் ஒளிரும். தொலைவில் இருப்பவர்களுக்குப் பூமியின் வளைவு கீழ்ப்பகுதியை மறைத்துவிடும்.

புயல் கிளம்பியதைச் சொல்வது எளிது. சூரியனைப் பார்த்தால் தெரியும். வந்து சேரும் நேரத்தையும் பல மணி நேரம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். சிக்கல் வேறு. புயலுக்குக் காரணமான, சூரியன் உமிழ்ந்த மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் அது பூமியின் புலத்தோடு இணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். வடக்கு நோக்கினால் பெரும்பாலும் வீரியம் இழந்துவிடும். அந்தத் திசையைத் தொலைவிலிருந்து நம்பகமாகச் சொல்ல இன்னும் வழியில்லை. மேகம் கடந்துபோகும் இடத்தில் ஒரு காந்தமானி காத்திருக்க வேண்டும்.

2024 ஜனவரி 6இல் இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட இடத்துக்குத்தான். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். அதன் சூரிய ஒளிவட்ட நோக்கி (கரோனாகிராஃப்) நம் ஊருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உருவானது. கலத்தின் காந்தமானி 6 மீட்டர் நீளக் கம்பத்தில் நீட்டப்பட்டிருக்கிறது. வேகமாக வரும் புயல் அங்கிருந்து பூமியைத் தொட அரை மணி நேரம் போதும். புயலிடமிருந்து மின்தொகுப்புகளைக் காக்க நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் உறுதியான அவகாசம் அவ்வளவுதான்.