பங்களாவும் லைன் வீடும்

மாஞ்சோலையிலிருந்து 2024இல் இறங்கிய ஒரு அக்கா, இப்போது திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் மகனோடு இருக்கிறார். மகனுக்கு மணலியில் ஒப்பந்த வேலை. ஒற்றை அறை, மாடிப்படிக்குக் கீழே அடுப்பு. சங்க வேலையாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அங்கே ஒரு டீ உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த கை அது. கடையில் வாங்கிய டீத்தூளை உள்ளங்கையில் கொட்டி மூக்கருகே கொண்டுபோவார். "வெறும் தூசி தம்பி. கீழ கெடந்ததக் கூட்டி அள்ளிப் போட்டுருக்கான்" என்பார்.

ஒருநாள் என் பையில் வண்ணத் துண்டுத்தாள் ஒன்று இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கோ ஒரு மழைக்காட்டு விடுதிக்கான விளம்பரம். இரண்டு இரவு தங்கல், வழிகாட்டியோடு காட்டுநடை, வராண்டாவில் உட்கார்ந்தபடியே வனவிலங்கு பார்க்கும் வசதி. அறை வாடகை அக்கா மகனின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. தாளின் நடுவில் ஒரு காட்டுமாட்டின் படம். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாக்கதுக்கா துட்டு குடுக்காவ?"

"ஆமாக்கா."

"எங்க லைனுக்குப் பின்னாலேயே வந்து நிக்கும். ராத்திரி பிள்ளையள ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போகப் பயந்துட்டுக் கெடப்போம். ஒத்தப் பைசா யாரும் வாங்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்காட்டு விடுதி என்ற ஒன்று எப்படி உண்டானது, அதன் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்காரும் உரிமை யாருக்கு வந்தது, யார் இறங்கிப் போக நேர்ந்தது என்பதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நானும் ஒருமுறை அப்படிப்பட்ட விடுதியில் தங்கியிருக்கிறேன், மறைப்பானேன். நண்பர் ஒருவருக்குக் கிடைத்த அறை. எந்த மலை, எந்த விடுதி என்பதெல்லாம் வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பினார்கள். முழங்கால்வரை அட்டைக்கடிக்கு உறை மாட்டிவிட்டார்கள். வழிகாட்டியாக வந்த பையனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். அப்பா அம்மா இருவரும் தோட்டத் தொழிலாளிகள். அவன் கண் நம் கண் அல்ல. சாணத்தைப் பார்த்து எத்தனை நாழிகைக்கு முன்னால் யானை போனது என்று சொன்னான். கீழே கிடந்த முள்தோல் காயைக் கையில் எடுத்து, "வெடிபலா சார், இது பூத்துக் காய்ச்சா சிங்கவால் குரங்கு இந்தப் பக்கம் வரும்" என்றான். கொஞ்ச நேரத்தில் உச்சிக்கிளையில் கறுப்பு உடம்பும் நரைத்த பிடரியுமாக ஒரு கூட்டம் வந்தது. இருவாச்சி பறக்கும்போது எழும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். சின்ன வயதில் ராயபுரம் யார்டில் எஞ்சின் மூச்சுவிடுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஏறக்குறைய அதே சத்தம். மெய்யாகவே மயிர்க்கூச்செறிந்தது. காட்டை ரசிப்பது மேல்தட்டு வியாதி என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதை அதற்குப்பின் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இரவு சாப்பாட்டு மேசையில்தான் மற்றது நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பெரியவர், பறவைகளின் பெயர்களை எல்லாம் லத்தீனில் சொல்லக்கூடியவர், என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "மெட்ராஸ்ல எங்க?" ராயபுரம். "ராயபுரத்துல எங்க?" கல்மண்டபம் பக்கம். "அப்பா என்ன பண்றார்?" இந்தக் கேள்விகள் எந்தப் புதரில் எந்த மிருகத்தைத் தேடுகின்றன என்பது நமக்குத் தெரியாததா? ஹார்பரில் மூட்டை தூக்கினார் என்று சொன்னேன். பெரியவர் சூப்புக்குத் திரும்பிவிட்டார். வழிகாட்டிப் பையன் அந்தக் கூடத்துக்குள் வரவே இல்லை. சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இந்தக் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது எங்கள் ராயபுரத்திலும் கொஞ்சம் ஓடுகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அதே 1856இல்தான் சென்னை மாகாணத்துக்கு முதல் வனக் காப்பாளராக ஹ்யூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். தண்டவாளத்துக்குக் குறுக்குக்கட்டையும் எஞ்சினுக்கு விறகும் காட்டிலிருந்துதான் வரவேண்டும். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். கண்டபடி வெட்டினால் நாளைக்கு மரம் இருக்காது என்ற கவலையில் பிறந்ததுதான் வெள்ளைக்காரனின் காட்டுப் பாதுகாப்பு. அதிகாரி குதிரையில் போய்க் காட்டைச் சோதிக்கவும் ராத்தங்கவும் ஆங்காங்கே பங்களா எழுந்தது. பகலில் மரக்கணக்கு, ஓய்வில் வேட்டை. மிருகத்தை விரட்டிக்கொண்டுவந்து துப்பாக்கிக்கு முன்னால் விட உள்ளூர் ஆட்கள். மாட்டுக்கறி சமைக்கவும் எச்சில் தட்டு எடுக்கவும் சாதி இந்துக்கள் கூசிய இடத்துக்குப் பறையர்கள் சமையல்காரராகவும் பட்லராகவும் போனார்கள். பின்னாளில் துப்பாக்கி இருந்த கைக்குக் கேமரா வந்தது. சமையல்கட்டுப் படி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி மாஞ்சோலைக்கு வருவோம்.

பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் தொடங்கப்பட்டது. பெயரிலேயே இருக்கிறது, அது பர்மாத் தேக்கில் கொழுத்த கம்பெனி. அனுமதிக்கு மேல் மரத்தை எடுத்துப்போனதாக மன்னர் திபாவின் அரசு அதன்மேல் பெருந்தண்டம் விதித்தது. அதையே சாக்காக வைத்து 1885இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். திபா ரத்னகிரியில் சிறைவைக்கப்பட்டார், பர்மா முழுவதும் பிரிட்டிஷ் கைக்குப் போனது. அதன்பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் கப்பலாகக் கூலிகள் போனார்கள். என் அப்பாவின் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். ரங்கூன் மரவாடி ஒன்றில் சுமை தூக்கி, 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடும் மலையுமாக நடந்தே வந்து சேர்ந்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை.

அந்தக் கம்பெனி தாமிரபரணிக் கரைக்கு வந்தது 1929இல். சிங்கம்பட்டி ஜமீனின் மலையிலிருந்து 8,373 ஏக்கரை 99 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1919இல் சென்னை தேனாம்பேட்டையில், ஜமீன் வாரிசுகள் படித்த விடுதிப் பள்ளியின் வெள்ளைக்கார முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி வாரிசின் பெயரும் அடிபட்டது. வழக்குச் செலவில் ஏறிய கடனைத் தீர்க்கத்தான் மலை குத்தகைக்குப் போனது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்கிறார்கள். ஜமீன் வீட்டுத் துப்பாக்கிக்கும் நம் ஜனங்களின் முதுகுச் சுமைக்கும் இப்படி ஒரு கணக்கு.

குத்தகை எடுத்தபோது அங்கே தேயிலை இல்லை. அது அடர்ந்த மழைக்காடு. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்கள் என்று நாம் செய்தியில் கேட்கும் நாலுமுக்கும் ஊத்தும் அங்கேதான் இருக்கின்றன. அந்த மழையில், அட்டைக்கடியில், மலைக்காய்ச்சலில் நின்று மரம் வெட்டி, வேர் பிடுங்கி, சரிவைத் திருத்திச் செடி வைத்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையின் பள்ளர்கள், பறையர்கள். கேரளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. கீழே பண்ணையாரின் வயலில் கும்பிட்டு நிற்பதற்கு மலைக்குளிர் மேல் என்று ஏறியவர்கள் அவர்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழுந்தன. துரைகளுக்கு மேட்டில் பங்களா. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு என்பதுதான் லைன் வீட்டின் சட்டம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தும் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

ஜமீன் ஒழிந்து 1952இல் மலை அரசுக்கு வந்தது. துரையின் நிறம் மாறியது, குத்தகை மாறவில்லை. பிறகு காட்டின் காலம் தொடங்கியது. 1962இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம், 1976இல் களக்காடு சரணாலயம், இரண்டும் சேர்ந்து 1988இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். குதிரைவெட்டியில் வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தில் மணிமுத்தாறு அணை மின்னும். சுற்றுலாக்காரர்கள் தேயிலைப் பச்சையைப் படம் பிடித்தார்கள். அந்தப் பச்சைக்குள் குனிந்து நின்றவர்கள் படத்தில் அழகுக்காகத்தான் இருந்தார்கள்.

நிமிர்ந்து நின்றபோது என்ன நடந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்லியே தீரவேண்டும், பிறந்து வளர்ந்திராத பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் சிறையில் இருந்தார்கள், பெண்களும் உள்பட. அவர்களை விடுவிக்கக் கேட்டு, புதிய தமிழகம் முன்னின்று நடத்திய ஊர்வலம் 1999 ஜூலை 23 அன்று நெல்லை கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனது. போலீஸ் தடியோடு பாய்ந்தது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அரசு வைத்த நீதிபதி மோகன் கமிஷன், பதினொரு பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று எழுதிப் போலீசின் பக்கம் நின்றது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கமிஷன் அறிக்கை தேவைப்படாது. நாலுமுக்கில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாகி அந்தத் தாமிரபரணியில் சேர்கிறது. "எங்க தண்ணியிலேயே எங்க ஆளுகள முக்குனாவ" என்று அக்கா ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

2018இல் அந்த மலை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும், கம்பெனி 2024இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தை நீட்டியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். விருப்பம் யாருடையது என்பதைச் சொல்லவேண்டுமா! தோட்டத்தை அரசின் டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டுக்கொடுத்த அதே டான்டீ. சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 3 அன்று அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவி செய்யச் சொல்லி, மலை மறுபடி காடாகட்டும் என்றது.

காடாகட்டும் என்பதை நானும் எதிர்க்கவில்லை. எண்ணூரில் சாம்பல் கொட்டிக் கொற்றலையாற்றைக் கொன்றதைக் கண்முன் பார்த்தவன் நான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கச்சா எண்ணெய் பரவி, கழிமுகத்துக் கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிக்கிடந்ததையும் பார்த்தேன். ஒரு மலை திரும்பவும் காடாவது நல்ல சேதி. இன்னொன்றையும் நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்: தலித்துகளின் கையால் வெட்டவைக்கப்பட்ட அந்தக் காட்டில் அதற்கு முன்பே காணிக்காரர்கள் இருந்தார்கள். இஞ்சிக்குழியிலும் மயிலாறிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987இல் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிப் போன காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயைத் தின்றார்கள். அதிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை மருந்தானது. லாபத்தில் பங்கு கொடுத்தார்கள் என்று உலகமே பாராட்டியது. அதாவது வழிகாட்டிக்கும் பங்கு உண்டு என்பது அதிசயமாக இருந்தது.

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. 1929இலிருந்து விரல்விட்டு எண்ணுங்கள். 76 வருகிறது. ஆனால் கூலிக்கு வந்தவர்கள் காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் ஆகமாட்டார்கள் என்பது எதிர்வாதம். வெட்டும்போது காடாக இருந்தது, கேட்கும்போது தோட்டமாகிவிட்டது, விரட்டும்போது மறுபடி காடாகிறது. அடுத்து அது சுற்றுலாத்தலமாகும்போது, இரண்டு இரவுக்கு வருகிறவர் விருந்தாளி, மூன்று தலைமுறை இருந்தவர் ஆக்கிரமிப்பாளர். லைன் பிள்ளைகளைவிட அந்த மலையை அறிந்த வழிகாட்டி யார் இருக்க முடியும்? காட்டை மீட்கிற வேலையையும் காட்டிக்கொடுக்கிற வேலையையும் அவர்களுக்குக் கொடு, அங்கேயே இருக்க ஒரு வீடும் கொடு என்று நாம் ஏன் கேட்கக்கூடாது?

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். உள்ளே கூட்டுறவுப் பாஸ்புத்தகம், மூத்தவளின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு. கார்டில் இன்னும் மாஞ்சோலை முகவரிதான் இருக்கிறது.

"இத மொதல்ல மாத்தணும் தம்பி. அரிசி வாங்க முடியல. திங்கக்கெழம வாரீயா?"

வருகிறேன் என்றேன். வாசலில் எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல். அக்கா துண்டுத்தாளை எடுத்து, காட்டுமாட்டின் படம் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்துப் பேரனிடம் கொடுத்தார்.